சாய நீரும் நான்கு சீட்டுகளும்

கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் புதிதாக வந்த சார், வந்த அன்றே பெஞ்சுகளை எதிரெதிராகத் திருப்பிப் போடச் சொன்னார். இனிமேல் அவர் பேச மாட்டாராம், நாங்கள்தான் பேச வேண்டுமாம். நாலு பேருக்கு ஒரு டீம், ஒரு புராஜெக்ட். முதல் மதிப்பெண் வாங்குகிறவரைக் கழிவுநீர் ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார்.

எங்கள் டீமில் சாயப்பட்டறை முதலாளியின் மகன், அவனோடு திரியும் இன்னொருவன், நான், பிறகு தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த வீட்டுப் பெண். அவள் அம்மா எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் பழுது பார்க்கும் வேலை. "இந்தச் சிபாரிசு கிடைக்கலைன்னா நானும் அம்மா கூட செக்கிங்தான்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்குவது புராஜெக்ட். பட்டறையிலிருந்து பஸ்ஸில் கேன் தூக்கி வந்தவள் அவள். சுண்ணாம்பு எவ்வளவு, ஃபெரஸ் சல்ஃபேட் எவ்வளவு என்று மூன்று வாரம் கலக்கிப் பார்த்தவளும் அவள்தான். நாங்கள் மூவரும் கேன்டீனில் 'டிஸ்கஷன்' செய்தோம்.

கடைசி நாள், டீமில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று நூறைப் பிரித்து ஆளுக்கொரு சீட்டில் ரகசியமாக எழுத வேண்டும்; அதை வைத்துத்தான் மதிப்பெண். அதற்கு முன்பே முதலாளி மகன் வராந்தாவில் எங்கள் இருவரையும் பிடித்தான்.

"நான் முதல்ல வரலீன்னா ஊட்ல தலைகாட்ட முடியாது. எனக்கு நாப்பது, உங்க ரெண்டு பேருக்கும் இருபத்தஞ்சு, அந்தப் புள்ளைக்குப் பத்து. படிப்பு முடிஞ்சதும் அப்பாகிட்டச் சொல்லிப் பட்டறைல சேத்துடறேன்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவள் உழைப்பை வாரி வழங்கினேன். சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதுதான் இன்றும் எரிகிறது.

மூன்று சீட்டு அச்சடித்தாற்போல் இருந்தும் சாருக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் விரல்களில் ஏறியிருந்த நீலத்தைப் பார்த்திருந்தாலே போதும். "நீயே உனக்கு இருபத்தஞ்சுதானம்மா போட்டிருக்க. டீமோட அனுசரிச்சுப் போகப் பழகணும்" என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். சிபாரிசுக் கடிதம் முதலாளி மகனுக்குப் போனது. அவன் அந்த ஆய்வகத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

படியில் இறங்கும்போது, ஏன் எல்லாருக்கும் சமமாகப் போட்டாய் என்று அவளிடம் கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது.

"சார் டீம்னுல்லா சொன்னாவ" என்றாள்.

படிப்பு முடிந்து அவள் செக்கிங்குக்குப் போனாள். நான் பட்டறையில் சேர்ந்தேன், கழிவுநீர்த் தொட்டிக்குப் பொறுப்பு. முதல் நாள் சுண்ணாம்பு எத்தனை கிலோ போடுவது என்று ஆள் வந்து கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. நால்வர் பெயர் போட்ட ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து, அவள் போட்டிருந்த அட்டவணையைப் பார்த்துச் சொன்னேன்.