மூன்றாவது குழாய்

எங்கள் பழைய காருக்கு வெயில் ஆகாது. காலையில் கிளப்பினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. நடுப்பகலில் ஜாமில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இரண்டு முறை குலுங்கிவிட்டு அணைந்துவிடும். இந்த நோய்க்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. சாலையோரக் கடையில் ஐஸ் தண்ணீரைப் பிளாஸ்டிக் பையில் பங்குஸ் கட்டி வாங்கி, பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் வைப்பது. பம்ப் குளிர்ந்ததும் கார் கிளம்பும்.

நாங்கள் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிள்ளானில், என் மனைவியின் அக்கா வீட்டில். அப்படிப் போன ஒருநாள் நெடுஞ்சாலையின் நடுப்பாதையில் கார் காலை வாரியது. பக்கத்தில் கடை ஏது? பின்னால் லோரிக்காரர்கள் ஹார்னை அமுக்கிப் பிடித்திருக்க, மடியில் குழம்புச் சட்டியோடு மனைவி வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தாள். பம்ப் தானாக ஆறி, கார் கிளம்ப அரை மணி நேரம் ஆயிற்று. அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும்தான் வாயைத் திறந்தாள்.

“இனிமே நான் கொமுட்டர்லயே வந்துக்கிறேன். இந்தக் காடியில என்னைக் கூப்பிடாதீங்க.”

சொன்னபடியே செய்தாள். ஞாயிறானால் அவள் ரயிலில், நான் காரில். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே வீட்டுக்குப் போகிறவர்கள்! காலியாக இருக்கும் பக்கத்து இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது. அவளை மறுபடியும் அதில் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கிள்ளானில் ஹாஃப்-கட் கடை ஒன்று இருக்கிறது. ஜப்பானில் கார்களைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, பாகம் பாகமாக விற்பார்கள். கடையை நடத்தும் பெண்ணிடம் பெட்ரோல் பம்ப் கேட்டு, என் கார் எந்த மாடல் என்று சொன்னேன்.

“உங்க மாடலுக்கு இல்லை அங்கிள். இதுக்கு அப்புறம் வந்த மாடல் பம்ப் இருக்கு. அதே எஞ்சின்தான், உக்காந்துக்கும்லா.”

பிரிக்பீல்ட்ஸ் ஒர்க்‌ஷாப்பில் அது சொன்னபடி உட்கார்ந்தது. அதே இரண்டு போல்ட், அதே இடம். என் பழைய பம்பில் இரண்டு குழாய்கள். ஒன்று டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுக்கும், மற்றது எஞ்சினுக்குத் தள்ளும். புதியதில் மூன்று. மூன்றாவதை மெக்கானிக் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இது உங்க காடிக்குத் தேவையில்ல அண்ணே. அடச்சிடலாம்.”

அடைத்தார். அடுத்த ஞாயிறு பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டுவதற்குள் கார் பழையபடி அணைந்தது. எரிச்சலில் டயரை உதைத்தேன், வலித்தது எனக்குத்தான்.

ஆனால் அந்த மூன்றாவது குழாய் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. வேலையற்ற குழாயை யார் செலவழித்துச் செய்வார்கள்? கழற்றி வைத்து வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று மிக மெல்லியதாகத்தான் போயிற்று. உள்ளே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அழுக்கு அடைத்துக்கொண்டதல்ல, வேண்டுமென்றே அவ்வளவு சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். ஏன்?

மறுபடியும் கிள்ளான் கடைக்குப் போனேன். அந்தப் பிந்தைய மாடலின் முன்பாதி ஒன்று சங்கிலியில் தொங்கியது. மூன்றாவது குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். எஞ்சினைச் சுற்றி, சுவரோரம் இறங்கி, அடித்தட்டை அடைந்து, அங்கே ரம்பம் அறுத்த இடத்தில் முடிந்துபோனது. மீதி ஜப்பானிலேயே நின்றுவிட்டது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக் காரிடம் முழுப் பதிலை எதிர்பார்த்தால் எப்படி? பிறகு கவனித்தேன். டாங்கியிலிருந்து வரும் குழாயும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் அறுபட்டிருந்தன. இரண்டும் பின்னால்தான் போகின்றன. பின்னால் இருப்பது டாங்கி ஒன்றுதான்.

அப்போது புரிந்தது. எஞ்சின் குடித்தது போக மிஞ்சும் பெட்ரோல், அந்தச் சின்னத் துளை வழியாக டாங்கிக்கே திரும்பிப் போகிறது. ஜாமில் நின்றாலும் பெட்ரோல் பம்புக்குள் தேங்கிக் கிடந்து கொதித்து ஆவியாவதில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. நாங்களோ அந்த வழியைத்தான் அடைத்து வைத்திருந்தோம். மெக்கானிக்கிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். காரின் அடியில் ஒரு மெல்லிய குழாயை இழுத்து, டாங்கியின் வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மனைவியிடம் ஒரே ஒருமுறை வந்து பார் என்று கெஞ்சினேன். வந்தாள். வெயில் கொளுத்திய நேரம், லோரிகளுக்கு நடுவே ஊர்ந்தோம். கார் ஒரு குலுக்கல்கூடக் குலுங்கவில்லை. வழி நெடுக அவளுக்கு மூன்றாவது குழாயைப் பற்றி விளக்கிக்கொண்டே போனேன்.

“நல்லா ஓடுது,” என்றாள் இறங்கும்போது.

“அப்ப அடுத்த வாரம்?”

“அடுத்த வாரம் ரயில்தான்லா. கூட்டாளிங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.”

என் முகம் தொங்கிவிட்டது. கார் சரியானால் அவள் வந்துவிடுவாள் என்றல்லவா இருந்தேன்! கூட்டாளிகளா? ரயிலில் அப்படி என்ன இருக்கிறது? அதுவும் இப்போது குடைய ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு காரைப் பூட்டிவிட்டு அவளோடு சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்தேன். அவள் பிளாட்பாரத்தில் தனக்குப் பழகிய இடத்தில் போய் நின்றாள். ரயில் வந்தது.

“இது பொம்பளைங்க கோச். நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க.”

அடுத்த பெட்டியில் ஏறினேன். இடையே இருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். நான்கைந்து பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லி, அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

இரண்டொரு நிலையம் போயிருக்கும். கதவு திறந்தது. அவள்தான்.

“யாரோ ஒரு அங்கிள் எட்டி எட்டிப் பாக்குறாருன்னு திட்டப் போனாங்க. என் வீட்டுக்காரர்னு சொன்னேன். அப்ப போய்ப் பக்கத்துல உக்காருன்னு துரத்திட்டாங்க.”

“உனக்கு வர இஷ்டமில்லைன்னா...”

“தள்ளி உக்காருங்க,” என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன். அந்தக் கதையை எனக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கிள்ளான் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.