பரமசிவன் வெட்டிய யானை வழி

3.4.2022 — ரூ. 5,60,000
19.4.2022 — ரூ. 7,500
8.5.2022 — ரூ. 11,000
21.8.2022 — ரூ. 84,000
27.3.2023 — ரூ. 46,000
12.11.2023 — ரூ. 1,35,000
7.4.2024 — ரூ. 18,000
மொத்தம் — ரூ. 8,61,500

இந்தத் தொகைகளில் எதையும் நான் துருவி எடுக்கவில்லை. செலவழித்த அன்று மாலையே பரமசிவன் சுகிர்தபாயின் டீக்கடையில் வந்து உரக்கச் சொல்லிவிடுவார். உரக்கச் சொல்வதற்காகத்தான் செலவழித்தாரோ என்றுகூடத் தோன்றும். ஆற்றுக்கடவு பகவதி கோயில் கமிட்டியின் வரவு செலவும் கடிதப் பதிவும் இருபத்தாறு வருடமாக என் பொறுப்பு. அதனால் கேட்டதைத் தேதியோடு குறித்து வைத்தேன். இவ்வளவு பணத்துக்கும் அவர் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அம்மனைச் சுமந்த யானை அவர் வீட்டு முற்றத்தில் வந்து நிற்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும்.

பரமசிவன் 1965இல் இதே ஊரில், நெய்யாறு ஓடும் கரையில் பிறந்தவர். தனுவச்சபுரத்தில் படித்தார். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை. இருபத்தைந்தாம் வயதில் குடிநீர்க் குழாயின் வால்வைத் திறந்து மூடும் வேலை கிடைத்தது. முப்பத்தொரு வருடம் ஒரு நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். மேட்டில் இருப்பவர்களுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர், பள்ளத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தத் தோளில்தான் இருந்தது. கல்யாண வீடுகளில் அவருக்கு முதல் பந்தி. ஒருமுறை பாயசத்தில் முந்திரி குறைந்துபோன வீட்டுக்கு மூன்று நாள் தண்ணீர் நூல்போல வந்தது. குழாயில் அழுத்தம் போதவில்லை என்றார். அழுத்தம் எங்கே என்று அந்த வீட்டாருக்குப் புரிந்தது. அடுத்த விசேஷத்தில் அவர் இலைக்கு முந்திரியைத் தனியாகவே கொண்டுவந்து வைத்தார்கள்.

2021 மே மாதம் ஓய்வு பெற்றார். ஜூனில் புதிதாக ஒருவர் சாவியோடு வந்தார். ஜூலைக்குள் ஊர் புதியவருக்கு வணக்கம் சொல்லப் பழகிவிட்டது. இதில் ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் எப்போதும் சாவிக்குத்தான் வணக்கம் சொன்னது. பரமசிவன் ஒருவர்தான் அதைத் தனக்கென்று எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்கள் கோயிலில் கும்ப (மாசி) மாதத் திருவிழாவின்போது பறையெடுப்பு உண்டு. இங்கே பறை என்றால் கொட்டு அல்ல, நெல் அளக்கும் மரப்பாத்திரம். தலைமைப் பூசாரியான மேல்சாந்தி, அம்மனின் திடம்பை, அதாவது சிறிய உற்சவ உருவை, பிடித்துக்கொண்டு யானைமேல் அமர்ந்து வருவார். பின்னால் செண்டைக்காரர்கள். வீட்டார் விளக்கேற்றி, பறை நிறைய நெல் வைத்து, தென்னம்பூக்குலை செருகி, அம்மன் முன்னால் சமர்ப்பிப்பார்கள். பெரிய முற்றமும் அகலமான வழியும் உள்ள வீடுகளுக்கு யானை உள்ளே போகும். மற்றவர்கள் பறையை ரோட்டுக்குத் தூக்கிவந்து டிரான்ஸ்பார்மருக்குக் கீழே வரிசையாக வைக்க வேண்டும்.

பரமசிவன் வீடு குறுகிய சந்துக்குள். சாவி இருந்த காலத்தில் டிரான்ஸ்பார்மர் வரிசையிலும் அவர் பறைக்கே முதலிடம். 2022இல் அது ஐந்தாவதாகப் போனது. வரிசையை நேராக்க வந்த ஒரு பையன் அதைக் காலால் தள்ளி வைத்தான் என்று அவர் சொன்னார். கையால்தான் என்று பையன் சொன்னான். நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் டீக்கடையில் பொன்னையன் இருந்தார். பரமசிவனின் மனைவி சரோஜத்துடைய அக்காவின் கணவர். அவர் வீட்டு முற்றத்தில் யானை முன்பிருந்தே ஏறுகிறது. அதற்காக அவர் செய்த ஒரே காரியம், அந்த வீட்டில் பிறந்தது. ஆனால் பேச்சைக் கேட்டால் யானையைப் பெற்றவரே அவர்தான் என்று நினைக்கலாம்.

"எலே பரமசிவா, இந்த ஆனையால ஒரே தொல்ல. முற்றத்துல போட்ட சாணிப் பிண்டத்த வாரி வாரி எனக்க நடுவு ஒடிஞ்சு. உனக்கென்ன, ரோட்டுல வச்சோம், எடுத்தோம், போனோம். நீ புண்ணியவான் ஆக்கும்."

பரமசிவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

"குடிச்சிட்டுப் போங்க அண்ணே. ஆனை வந்து குடிக்காது" என்றார் சுகிர்தபாய்.

யானை போகச் சந்து அகலமாகப் பக்கத்து வீட்டு மண் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் புஷ்பராஜ், பூவாரில் கடல் வேலை செய்யும் குடும்பத்தவர். படகு எஞ்சின் பழுதுபார்த்துச் சேர்த்த பணத்தில் இங்கே வீடு கட்டியவர். ஒன்றேகால் சென்டுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பரமசிவன் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு அறுபதா? அதுல தங்கமா வெளயுது?"

"எனக்கு அது வல காயப்போடுத எடம் அண்ணே, விலையே இல்ல. நீங்க ஆனை நடக்கக் கேக்குதிய. அப்ப ஆனை வெலதான் சொல்லணும்."

புஷ்பராஜின் மனைவி மேரிக்குட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "கொறச்சுச் சொல்லிட்டிய. ஆனைக்கு வாலும் உண்டு. பின்னால ரெண்டடி சேத்துக் கேளுங்க."

பேரம் பேசத் தெரிந்தவர் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார். பரமசிவன் மறுவாரமே முழுத் தொகையையும் கொடுத்தார். ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணம் அது. அடுக்களைக் கூரையை மாற்றித் தருவதாகச் சரோஜத்திடம் சொல்லியிருந்ததும் அதே பணத்தை வைத்துத்தான்.

"இஞ்ச பாருங்க, நாலு வருசமாட்டு அடுக்களை ஒழுகுது. கொடை பிடிச்சோண்டு சோறு வடிக்கேன்."

"அம்மை முதல்ல முற்றத்துல வந்து நிக்கட்டும். பிறகு எல்லாம் தானா வரும்."

"அம்மை வந்து ஓடு மாத்துவாளோ?"

வழியில் நின்ற வரிக்கைப் பலாவை வெட்டினார். மதிலை இடித்தார். இரண்டு கதவு வைத்த பன்னிரண்டடி இரும்பு கேட் போட்டார். வீட்டில் இருந்த ஒரே வாகனம் வேலைக்காக வெளியூர் போன மகன் பிஜு விட்டுப்போன ஸ்கூட்டர். அதைக் கொண்டுபோக அந்தக் கேட்டின் ஒரு கதவைக்கூட முழுதாகத் திறக்க வேண்டியதில்லை.

2023 திருவிழாவுக்கு அவர் வெள்ளை வேட்டியும் சட்டையும் புதிதாக வாங்கினார். யானை ரோட்டிலிருந்து அவர் கேட்டுப் பக்கம் திரும்பியது. நடுவே ஓடை. ஓடைமேல் கருங்கல் பலகைகள். யானை முன்காலை எடுத்து ஒரு பலகையில் வைத்து, அமுக்கிப் பார்த்து, எடுத்துக்கொண்டது. துதிக்கையால் ஒருமுறை தட்டியது. பிறகு அசையவில்லை.

"பற்றில்ல சேட்டா" என்றார் பாகன். "அடியில பொள்ளை, காலியாட்டு கெடக்கு. ஆனை ஏறாது."

"சிமென்ட் லோடு லாரி ஏறின பலகையாக்கும் இது!"

"லாரிக்குப் புத்தி இல்லல்லா. இதுக்கு உண்டு."

அந்த வருடமும் பறையை ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்களில் பொன்னையனும் ஒருவர். பாரம் இல்லாத பக்கத்தைப் பிடித்திருந்தார், முகம் மட்டும் பாரம் சுமப்பதுபோல இருந்தது.

திருவிழா முடிந்ததும் ஓடைமேல் கம்பி கட்டி காங்கிரீட் போட்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் 2024இல் யானை முற்றத்தில் நின்றிருக்கும். நான் இதை எழுத வேண்டியும் வந்திருக்காது. ஆனால் வெறும் வழியாக யானை வந்தால் யார் வீட்டுக்கு வந்தது என்று எப்படித் தெரியும்? ஆகவே கேட்டுக்கு மேலே ஆர்ச் வேண்டும் என்று தீர்மானித்தார். யானை கட்டியிருக்கும் இடத்துக்கே போய்ப் பாகனிடம் உயரம் கேட்டார். ஒன்பதரை அடி என்று சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றரை அடி தாராளமாக விட்டு, பதினோரு அடி உயரத்தில் ஆர்ச் எழுந்தது. பளபளக்கும் ஓடு பதித்து, நடுவில் அம்மன் படம். படம் ஒரு அடி. அதற்கு மேலே அவர் பெயர், ஒன்றரை அடி.

2024 திருவிழாவில் யானை புதிய காங்கிரீட்டில் தயங்காமல் ஏறியது. கேட்டுக்கு முன்னால் வந்ததும் பாகன் நிறுத்தினார். ஆர்ச்சின் விளிம்பு மேல்சாந்தியின் இடுப்புக்கு நேராக இருந்தது. யானையை அளந்த பரமசிவன், யானைமேல் இருப்பவரையும் அம்மனையும் முத்துக்குடையையும் அளக்கவில்லை. செண்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள்.

"குடைய மடக்குங்க" என்று யாரோ சொன்னார்கள். மடக்கினார்கள். போதவில்லை.

"திருமேனி, கொஞ்சம் குனிஞ்சா போதும்" என்றார் பரமசிவன். "ஒரு நிமிசம். அம்மையையும் ஒண்ணு சாய்ச்சுப் பிடிச்சா..."

மேல்சாந்தி அவரைப் பார்த்தார். பிறகு ஆர்ச்சில் இருந்த எழுத்துகளை நிதானமாக வாசித்தார்.

"நான் குனியலாம். எனக்கு வயறு இருக்கு, குனிஞ்சு பழக்கம். அம்மை ஒங்க பேருக்குக் கீழ குனியணுமோ?"

சுற்றி நின்றவர்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதை எங்கள் ஊரின் பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. யார் முதலில் சிரிப்பது என்ற தயக்கம்தான். பொன்னையன் அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தார்.

"எலே பரமசிவா, ஆனைய முட்டங்கால் குத்தி வரச் சொல்லு!"

பறை மறுபடியும் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே போனது. இந்த முறை பரமசிவன் உடன் போகவில்லை. சரோஜம்தான் நின்று கும்பிட்டார்.

ஏப்ரலில் ஆர்ச்சை இடித்தார். இனித் தவறு வரக் கூடாது என்று ஒத்திகையும் பார்த்தார். பிஜுவின் நண்பன் ஒருவனுடைய சின்ன லாரியில் பதினேழு அடி உயரத்துக்கு ஒரு மூங்கிலை நட்டுக் கட்டி, முனையில் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டு, ரோட்டிலிருந்து முற்றத்துக்கு ஓட்டச் சொன்னார். லாரி முற்றத்தில் ஏறியது. வரும் வழியில் மூங்கில் கேபிள் கம்பியை அறுத்துவிட்டதால் அன்று மாலை ஊரில் பாதி வீடுகளில் டிவி இல்லை. அதைச் சரியாக்கக் கேபிள்காரர் வாங்கியது எவ்வளவு என்று அவர் டீக்கடையில் சொல்லவில்லை. ஆகவே அது மேலே உள்ள கணக்கில் சேரவில்லை.

இப்படி எல்லாம் தயாராகி, வழி திறந்து, வானமும் திறந்து கிடந்தபோது, 2024 டிசம்பரில் கோயில் பொதுக்கூட்டம் கூடியது. யானை வாடகை எங்கள் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. சட்டதிட்டங்களும் கூடிவிட்டன. அடுத்த திருவிழா முதல் யானை இல்லை, மேல்சாந்தி திடம்பைக் கையில் ஏந்தி நடந்தே வீடு வீடாக வருவார் என்று தீர்மானம் ஆனது. மூன்றடி வழி இருந்தால் போதும். டிரான்ஸ்பார்மர் வரிசையும் இத்தோடு முடிந்தது. எல்லா வீட்டுக்கும் அறிவிப்புக் கடிதம் போனது.

கடிதம் கிடைத்த அன்றே பரமசிவன் கமிட்டி அறைக்கு வந்தார். செயலாளர் அகிலேஷ் நோட்டீஸ் அடிப்பது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"எலே அகிலேஷே, இது ஆருக்க புத்தி?"

"பொதுக்கூட்டத்துக்க புத்தி மாமா. நீங்களும் வந்திய. வடை தின்னிய, கையெழுத்துப் போட்டிய, நடுவுல எழும்பிப் போயிட்டிய."

"அப்ப எனக்க வழி?"

"அந்த வழியாத்தான் வாறோம். மூணடி போதும், உங்களுக்குப் பன்னிரண்டடி கெடக்கு. நாலு அம்மை ஒண்ணா சேந்து வரலாம்."

"மூணு வருசமா அம்மை முற்றத்துக்கு வரணும்ணு சொன்னிய. இப்ப வாறா. பின்னே என்ன?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த பொருளாளர் மோகனன்.

பரமசிவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அறையில் ஐந்து பேர் இருந்தோம்.

"ஆனை இல்லாம அம்மை எதுக்கு மக்கா?"

சொன்ன பிறகு அவருக்கே காது கேட்டிருக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். வெட்கப்பட்டார் என்று மோகனன் சொன்னார். வெட்கப்பட்டவர் வாயை மூடியிருப்பார். இவர் ஜனவரியில் கமிட்டிக்கு எழுதினார்: தன் சொந்தச் செலவில் யானை வரவழைப்பதாகவும், தன் வீட்டு முற்றத்துக்கு மட்டும் அம்மன் யானைமேல் வர வேண்டும் என்றும். ரோட்டில் நடந்துவரும் அம்மன் அவர் கேட்டில் யானைமேல் ஏறி, இருபதடி கடந்து, இறங்கி மறுபடி நடக்க வேண்டுமாம். கமிட்டி மறுத்தது. பறையெடுப்பில் அவர் வீட்டின் எண் 87, பொன்னையன் வீட்டுக்கு அடுத்தது என்றும் அறிவித்தது. பிப்ரவரியில் இரண்டாவது கடிதம் வந்தது. யானை இல்லாத பறை தனக்கு வேண்டாம், பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும், நீக்கியதைப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். அவர் வீடு கமிட்டி அறையிலிருந்து நான்காவது வீடு.

மறுநாள் சரோஜம் வந்தார். அகிலேஷ் நாற்காலி போட்டான். உட்காரவில்லை.

"அவருக்க பேர வெட்டியாச்சா?"

"வெட்டப் போறோம் மாமி. நீங்க சொன்னா வேண்டாம்..."

"வெட்டுங்க. எனக்க பேர எழுதுங்க. எனக்க பறைய எனக்க அக்கா முற்றத்துல வைப்பேன். எனக்கு ஆனை வேண்டாம், ஆர்ச்சும் வேண்டாம். ஒழுகாத ஒரு எடம் போதும், அம்மைக்கும் எனக்கும்."

86ஆம் எண்ணில், பொன்னையன் பெயருக்குக் கீழே, சரோஜம் என்று எழுதினேன். 87ஐ அடித்தேன். பரமசிவனுக்குப் போன கடைசிக் கடிதத்தில் இரண்டே வரி: தங்கள் விருப்பப்படி பெயர் நீக்கப்பட்டது, இந்த ஆண்டு அம்மன் தங்கள் முற்றத்துக்கு வரமாட்டார். நான்கு வீடு தள்ளிப் போக வேண்டிய கடிதம் தபாலில் ஏறி, நெய்யாற்றின்கரை டவுன் வரை போய்த் திரும்பி, அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் கைக்கு வந்தது 24.2.2025 அன்று.