வெந்நீரில் போட்ட சாக்ஸ்

சென்னையில், எங்கள் கல்மண்டபம் பக்கம், மார்கழியிலும் மின்விசிறி ஓடும். அதன் கீழே உட்கார்ந்து கம்பளி நூலில் சாக்ஸ் பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் கணவரும் சிரித்தார். மகள் படிக்கப் போன ஊரில் பனி கொட்டுகிறதாம், கால் விறைக்கிறதாம். கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நானே போட்டு அனுப்புகிறேன் என்று வாயை விட்டேன். அதுவும் வெறும் சாக்ஸ் இல்லை, நீலத்தில் வெள்ளை அலை ஓடுகிற மாதிரி. வீம்புக்கு என்னிடம் குறைச்சலே இல்லை.

பள்ளியில் கன்னியாஸ்திரி ஒருவர் ஒற்றை நூல் பின்னல் சொல்லிக்கொடுத்திருந்தார். அது கைக்கு மறக்கவில்லை. இரண்டு நிறம் என்பது வேறு கதை. நீல நூலை வலது கையிலும் வெள்ளை நூலை இடது கையிலும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். எந்த நிறம் தேவையோ அந்தக் கை கண்ணி போடும். மற்ற நூல் பின்பக்கமாகத் தளர்வாக ஓடிவர வேண்டும். என் இடது கைக்கு நூல் கிடைத்ததும் பயம் வந்துவிட்டது, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெளியே பார்க்க அலை அழகாகத்தான் இருந்தது. கால்தான் நுழையவில்லை. மூன்று முறை பிரித்தேன்.

எங்கள் வீட்டுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிறவள் முகத்துவாரக்குப்பத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்றுவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வருவாள். மீன் பேசினை வாசலில் இறக்கிவிட்டு, ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து, டீ குடித்தபடி தெருக்கதை எல்லாம் சொல்லுவாள். மகள் போன பிறகு, கணவரும் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டால், பகலில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவள் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு என் பின்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னாமா இது, நூல இந்த இழு இழுக்கற? குடு இப்டி.”

வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சாக்ஸ் பின்னத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்தே வலை பின்னுகிறவள், இரண்டு கையும் ஒன்றுபோல ஓடும். நான் ஒரு வரிசை போட்டுக் காட்டினேன். அடுத்த வரிசையை அவள் போட்டாள்.

“போட்ட கண்ணிய மொதல்ல ஊசில வெரிச்சு வுடு. அப்பால அடுத்த நூல எடு. வல பின்றப்போ நாங்க இப்டித்தான் பண்ணுவோம். இல்லாங்காட்டி எப்டிமா கால் பூரும்?”

அவ்வளவுதான் விஷயம். நான் வாரக்கணக்கில் மாரடித்ததை அவள் டீ ஆறுவதற்குள் தீர்த்துவிட்டாள். அப்புறம் என் இடது கையைப் பிடித்து, நூலை விரலில் சுற்றிவிட்டு, “தொளதொளன்னு வுடு” என்றாள். அவள் கை ஈரமாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா காத்திவாக்கத்தில் கட்டுமரம் ஏறியவர். பள்ளியில் என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று ஒருத்தி எழுந்து போனாள். அன்றைக்கு முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். துறைமுக ஆபீஸ்காரரைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு ‘இன்னா’வை ‘என்ன’ ஆக்கிக்கொண்டேன். அப்பாவின் தொழிலை இந்தத் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை.

அவள் போனதும் சாக்ஸை எடுத்து முகர்ந்தேன். லேசான வாடை. காய வைத்தாலே போயிருக்கும். நான் வெந்நீர் கொதிக்கவைத்து, துணி சோப்புத்தூளைக் கொட்டி, கசக்கு கசக்கென்று கசக்கினேன். இந்த ஊரில் யார் கம்பளி துவைத்திருக்கிறார்கள்? எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, கெட்டியாகக் கிடந்தது. நீலம் வெள்ளையில் இறங்கி அலையே தெரியவில்லை. அழுக்கு என்று நினைத்ததைப் போக்கப்போய், அவள் போட்ட வரிசையையும் சேர்த்துக் கொன்றுவிட்டேன்.

மறுநாள் வந்ததும் அவள் இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாருமா. எலுமிச்சங்கா தேச்சு கழுவிகினு வந்துகீறேன். நேத்து நீ மூஞ்சத் திருப்பிகினத பாத்தேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. தப்பு தன்னுடையது போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் டீ போடத் திரும்பினேன். அதற்குள் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெந்நீல போட்டியா?”

“அழுக்காயிடுச்சு, அதான்…”

“நான் தொட்டதுக்கா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவள் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, “சங்கரா கீது. எடுத்துக்கிறியா?” என்றாள். அதற்குப் பிறகு அவள் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று மீன் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். டீ குடிக்கிறாயா என்று கேட்டால் நேரமில்லை என்பாள்.

புது நூல் வாங்கி மறுபடி பின்னினேன். கண்ணியை விரித்துவிட்டு, நூலைத் தளரவிட்டு, அவள் சொன்னபடியே. இரண்டு கையும் பழகிவிட்டன. மகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் காலைத் தூக்கிக் காட்டினாள்.

“செமயா இருக்கு மம்மி! யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரு சொல்லிக் குடுப்பா? நானேதான்” என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. போனை வைத்த பிறகு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வேறு சாக்ஸ் பின்னி அனுப்பியதைக் கேட்டில் வைத்து அவளிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் மீன் வாங்கும்போது அவளே கேட்டாள், “பாப்பா போட்டுகிச்சா?”

“போட்டுக்கிட்டா. ரொம்பப் பிடிச்சிருக்காம்.”

“யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டுச்சா?”

“கேட்டா.”

“நீ இன்னா சொன்ன?”

“உன்னத்தான் சொன்னேன்.”

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. “என் பேர சொன்னியா?”

“சொன்னேன்.”

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பேசினை இறக்கிவிட்டு, நான்கு மாதத்துக்குப் பிறகு ஹாலில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். நான் சமையலறைக்குப் போனேன். செம்பு நிரம்பி வழிந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.