பல்புக்கு வைத்த பொட்டு

போன ஐப்பசியில், என் தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே நடந்தது இது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் நன்றாக அலங்காரம் செய்துகொண்டு, அவன் பக்கத்தில் நின்று செய்யவேண்டிய சீர். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அந்த இடம் ஆயுளில் ஒரு தடவைதான் கிடைக்கும். சீர் எட்டு மணிக்கு. நான் போய்ச் சேராவிட்டால் பெரியப்பா மகளை நிறுத்திவிடுவார்கள். அவள் பட்டுச்சேலையோடு தயாராகவே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரரும் குழந்தைகளும் முதல் நாளே வெள்ளகோவில் மண்டபத்துக்குப் போய்விட, நான் வேலையை முடித்துவிட்டு நாலு மணிக்குத் தனியாகக் காரில் கிளம்பினேன். காரைப் பற்றி அப்போது எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஹெட்லைட் பல்பு ஒன்று போனதற்கு ஒர்க்‌ஷாப்பில் விடாமல், வீடியோ பார்த்து, அந்த வாரம்தான் இரண்டு பல்பையும் நானே மாற்றியிருந்தேன்.

“பல்பு எரியறது இருக்கட்டும் அம்மணி, காரு ஸ்டார்ட் ஆகுதான்னு பாரு” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நான் சட்டை செய்யவில்லை.

வழியெல்லாம் மழை. பல்லடம் தாண்டியதுமே இருட்டிக்கொண்டு வர, விளக்கைப் போட்டேன். ஜம்மென்று எரிந்தது. காங்கேயம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் அணைந்தது. ஒன்று போதுமே என்று ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் வலது பக்கமும் போய்விட்டது. எதிரே லாரி வெளிச்சம், அது போனதும் கும்மிருட்டு. ரோடு எங்கே, ஓரம் எங்கே என்றே தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து, வெளிச்சம் தெரிந்த ஒரு கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். மணி ஆறே முக்கால்.

நல்ல காலம், அது வண்டி உதிரிபாகக் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பல்பு இருக்கிறது என்றார். உயிரே வந்தது. அடுத்த வார்த்தையில் அது போயும்விட்டது.

“விக்கிறதோட செரிங்க, எனக்கு மாட்டத் தெரியாதுங்க. மாட்டறவரு பவானிக்குப் போயிட்டாரு. காலைலதான் வருவாரு.”

“மாட்டறது நான் பாத்துக்கறனுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் மாட்டிய லட்சணத்தில்தானே இங்கே நிற்கிறேன்.

அவர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் டார்ச்சும் பிடித்துக்கொண்டார். நான் பானெட்டைத் திறந்து, சாக்கெட்டை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பைத் தள்ளி, பல்பை எடுத்தேன். கண்ணாடி ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வீக்கத்தின் நடுவே வட்டமாக ஒரு கருகல். அவர் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தார்.

“ஏனுங்க, இதென்னங்க?”

எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டில் மிக்சி வந்தாலும் மோட்டார் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடங்கமாட்டோம். அந்தப் பழக்கத்தில், இரண்டு பல்பின் கண்ணாடியிலும் ஒவ்வொரு பொட்டு வைத்து, கும்பிட்டுத்தான் மாட்டியிருந்தேன். வெட்கத்தை விட்டு அதைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குடை ஆடி என் தலையில் தண்ணீர் கொட்டியது.

“பொட்டு வெக்கறதுன்னா காருக்கு வெய்யிங்க. இந்தக் கண்ணாடில வெறும் வெரலே படக்கூடாதுங்க. பிசுக்குப் பட்ட எடம் மட்டும் சூடேறி, பல்பு போயிருமுங்க” என்றார்.

வீடியோவிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நான்தான் அவசரக்குடுக்கையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறேன். தினமும் பத்து தடவை கையுறை மாட்டி ரத்தம் எடுக்கிறவளுக்கு இது தோன்றவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அப்போதுதான் கைப்பையில் ஒரு ஜோடி புதுக் கையுறை கிடப்பது நினைவுக்கு வந்தது. போட்டுக்கொண்டேன். வலது பக்கம் புது பல்பு சட்டென்று உட்கார்ந்தது. இடது பக்கம் பேட்டரி இடிக்க, கண்ணுக்குத் தெரியாத கிளிப்பைத் தடவித் தடவி மாட்டவேண்டியிருந்தது. மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை ‘டிக்’ என்றது. அந்தச் சத்தம் மேளச்சத்தத்தை விட எனக்கு இனிமையாக இருந்தது.

விளக்கைப் போட்டேன். எதிரே இருந்த சுவர் முழுக்க வெளிச்சம். “இனி எங்க மாட்டறவரு வராட்டி உங்களயே கூப்புட்டுக்கறனுங்க” என்றார் கடைக்காரர். பல்புக்குக் காசைக் கொடுத்து, அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மண்டபத்தில் நுழைந்தபோது ஏழு ஐம்பது. பெரியப்பா மகளுக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். “இதா வந்துட்டனுங்க” என்று நான் போட்ட சத்தத்தில் மேளக்காரரே திரும்பிப் பார்த்தார். அம்மா திட்டிக்கொண்டே என்னை உள்ளே இழுத்துப்போய்ச் சேலை மாற்றிவிட்டார். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். பொட்டு விஷயத்தையும் மறைக்கவில்லை. மனிதர் சிரிக்கவே இல்லை. காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ரெண்டும் ஒரே மட்டத்துல எரியுது” என்று மட்டும் சொன்னார்.

சீர் நடக்கும்போது தம்பி என் பக்கம் குனிந்து, “நீ வராம நான் இந்தச் சீருக்கு எந்திரிச்சு நின்னிருக்கவே மாட்டனக்கா” என்றான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லது நினைத்துச் செய்ததும் தப்பாகலாம், ஆனால் அந்தத் தப்பை நடுரோட்டில் நின்று என் கையாலேயே சரிசெய்துகொண்டு தம்பி பக்கத்தில் போய் நின்றேனே, அந்தக் கர்வத்தை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.