ஐயவித்துலாம் பீரங்கி அல்ல

வேலாயுதம் வாத்தியார் இறந்துபோன செய்தியை, சயாமிலிருந்து புண் பிடித்த காலோடு திரும்பிய தோட்டத்து ஆள் ஒருவன் கொண்டுவந்தான். ரயில் பாதை வேலையில் வாந்திபேதி. மூன்றாம் நாள் முடிந்துவிட்டதாம். புதைத்தார்களா, எரித்தார்களா என்று வாத்தியாரின் மகள் கேட்டாள். அவன் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். ஜப்பான்காரன் போய் இரண்டு மாதமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பெண் அவள்.

நான் கைநாட்டு. நான் சொல்ல அவள் எழுதுகிறாள். செய்தி வந்ததிலிருந்து பதினாறாம் நாள் கூட்டத்துக்கு வரும் உங்களுக்காகத்தான் இது. நம் ஊர் காஜா பேராங்கில் அவரைத் தெரியாதவர் யார்? ‘கடுகு வாத்தியார்’ என்று சிரித்ததும் நீங்கள்தானே.

ஜப்பான்காரன் வந்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வாத்தியார் என் கீரைக் கொல்லைக்குப் பக்கத்தில் மரவள்ளி போட்டார். மண்வெட்டியைவிட அவர் கையில் அதிகம் இருந்தது ஒரு பழைய புத்தகம். பகைவர் கோட்டையை வளைத்துக்கொண்டால் மதில்மேலிருந்து தாக்கும் பொறிகளின் பெயர்கள் அதில் வருமாம். அதில் ஒன்று ஐயவித்துலாம். “ஐயவின்னா வெண்கடுகு. துலாம்னா தூக்குமரம். மதில்மேல கடுகுக்கு என்னண்ணே வேலை?” என்று என்னைக் கேட்டார். உரை எழுதியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். சின்னச் சின்ன அம்பு எய்வது என்று ஒருவர், வாசலில் தொங்கவிடும் கட்டை என்று ஒருவர். கடுகு மாதிரிச் சிதறுவதால் அந்தப் பெயரா, பிள்ளைக்குத் திருஷ்டி கழிப்பதுபோல் கோட்டைக்கும் கடுகு காவலா என்று இவர் மண்டையை உடைத்துக்கொண்டார்.

தூக்குமரம் எனக்குத் தெரியும். என் கிணற்றில் துலா உண்டு, பின்முனையில் பாறாங்கல் கட்டியது. “வாளிக்குப் பதிலா கல்லை வச்சு விட்டா எகிறும் வாத்தியாரே” என்றேன். வைத்துப் பார்த்தோம். கல் வேலியைத் தாண்டிப் போய், கம்போங் செட்டி அம்மாவின் பப்பாளி மரத்தை முறித்தது. பேருக்குத்தான் செட்டி, அந்தம்மாவுக்குத் தமிழ் வராது, மலாய்தான். “வாத்தியார் சூடா கிலா!” என்று கத்திக்கொண்டு துடைப்பத்தோடு வந்தாள். வாத்தியாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். இவர் வேட்டி அவிழ ஓடினார். ஓடி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “துலாம் சரிண்ணே. கடுகு எங்க? அதுக்குப் பதில் வராம பேர் முடியாது.”

பிறகு ஒரு நாள் கோயில் மண்டபத்தில் பிரசாரக் கூட்டம். ஜப்பான் அதிகாரி நாற்காலியில். தலைவர் என்று நீங்கள் இன்றும் கும்பிடுகிறீர்களே, அவர் மேடைக்கு ஏறுமுன் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

“ஐயவித்துலாம்னா பீரங்கி. வெள்ளக்காரனுக்கு முன்னாடியே தமிழன் வச்சிருந்தான். அத ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க வாத்தியாரே, அரிசி கார்டுக்கு நானாச்சு.”

வாத்தியார் மேடையில் ஏறி, வெண்கடுகைச் சொன்னார், தூக்குமரத்தைச் சொன்னார். “ரெண்டும் சேர்ந்தா என்ன பொறின்னு எனக்குத் தெரியாது. பீரங்கி இல்ல. அந்தக் காலத்துல ஏதுங்க வெடிமருந்து?” என்று சொல்லி இறங்கிவிட்டார். நீங்கள் சிரித்தீர்கள். தலைவர் சிரிக்கவில்லை. அதிகாரிக்கு என்ன மொழிபெயர்த்தார்களோ, அவரும் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. நம் பகுதிக்குப் பெயர் எழுதிக் கொடுத்தவர் தலைவர். முதல் பெயர் வாத்தியார். “ஒண்ணுக்கும் உதவாத ஆளு, கடுகு எண்ணிக்கிட்டுத் திரியுறான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் காதிலும் விழுந்தது. அவர் போனால் உங்கள் வீட்டில் ஒருவன் தப்புவான் என்று வாயை மூடிக்கொண்டீர்கள். என் தம்பி மகனை நினைத்து நானும் மூடிக்கொண்டேன்.

லாரி ஏறுகிற அன்று காலை அவரிடம்தான் கோபப்பட்டேன். வேறு யாரிடம் பட முடியும்? “ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமாய்யா? பொம்பளப் புள்ளையத் தனியா விட்டுட்டுப் போறியே!”

“பொய் சொல்லாத ஆளா நானு? அரிசி ஒளிச்சு வச்சிருக்கியான்னு ஜப்பான்காரன் கேட்டான், இல்லன்னேனே. அந்தப் பொய் வயித்தோட போயிடும்ணே. இத எழுதி வச்சிடுவாங்க. புள்ளைங்க மனப்பாடம் பண்ணும்.”

அவர் கடைசியாகச் சொன்னது: “கடுகுக்கு ஏதாச்சும் தோணுச்சுன்னா ஞாபகம் வச்சிருங்க.”

நேற்று தலைவரின் ஆள் அச்சடித்த அஞ்சலித் தாளோடு வந்தான். வாத்தியார் மகள் படித்துக் காட்டினாள்: ‘ஐயவித்துலாம் பீரங்கியே என்று கண்டறிந்து முழங்கிய தமிழறிஞர்.’ “நல்லதாத்தானே போட்டிருக்கு பெரியவரே, அவருக்குப் பெருமைதானே” என்றான். போகச் சொன்னேன். இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னேன்; அதை இவள் எழுதமாட்டேன் என்கிறாள்.

உயிரோடு இருந்தபோது அவர் வாயிலிருந்து வாங்க முடியாததைச் செத்தபின் அவர் பெயரில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, அவர் புத்தகம் எனக்கு உதவாது. நான் வைத்திருப்பது அவர் சொன்னது மட்டும்: ஐயவி வெண்கடுகு, துலாம் தூக்குமரம், மீதி தெரியாது. பதினாறாம் நாள் அந்தத் தாளை யார் வாசித்தாலும், பீரங்கி என்ற இடம் வரும்போது நான் எழுந்து நிற்பேன். அன்றைக்குப்போல இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.