லண்டன் அம்மையாருக்குக் காட்டிய ஐந்து விரல்

ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரே ஒரு நாள் எனக்கு ஐந்து வயதாக இருந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரர்களுக்காக.

அம்மா அப்போது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். ஷூவின் குதிகால் வளைவில் இரட்டைத் தையல் போடுவது அவள் வேலை. காலையிலிருந்து மாலைவரை அது ஒன்றுதான். அங்கேயே பேக்கிங்கில் இருந்த மாமாதான் எங்கள் வீட்டு உலகச் செய்தி. இங்கிலாந்து ஓட்டுப் போட்டு ஐரோப்பாவை விட்டுத் தனியாகப் போகிறதாம், ஆனால் எப்படிப் போவது என்று இன்னும் முடிவாகவில்லையாம். எங்கள் ஊர் பேரணாம்பட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால்கூட எந்தத் தென்னை யாருக்கு என்று முதலில் பேசிக்கொள்வார்கள். உலகத்தையே ஆண்டவர்கள் இப்படிச் செய்தால் அதில் ஏதோ பெரிய சூட்சுமம் இருக்கும் என்று நான் நம்பினேன்.

“பவுண்டு எறங்கிடுச்சு, ஆர்டரும் கம்மியாயிடுச்சு. இந்த ஆடிட்ல ஃபெயிலானா உங்கம்மா லைனை மூடிடுவாங்க” என்றார் மாமா.

ஆடிட் என்பது சோதனை; அதற்கு, ஷூக்களை வாங்கும் லண்டன் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் வரவிருந்தார். தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குக் கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா என்று பார்ப்பாராம். இருந்தது, அதில் காலி அட்டைப்பெட்டிகள் குடியிருந்தன. இரண்டே நாளில் பெட்டிகள் வெளியேறி, தொட்டில்களும் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கியும் வந்தன. ஆறு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் தேவை, கிடைத்தது ஒன்பது. ஆள் சின்னதாக இருந்ததால் பத்தாவது நான்.

“வயசு இன்னான்னு கேட்டா அஞ்சு விரலைக் காட்டு. வேற ஒண்ணும் பேசாத” என்றாள் அம்மா.

அந்த அறை எனக்குச் சொர்க்கம். முன்னும் பின்னும் ஆடும் மரக்குதிரை ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. அம்மையார் வந்தார். அவ்வளவு உயரமான பெண்ணை நான் பார்த்ததே இல்லை. கோயிலுக்கு வந்தவர் போல வாசலிலேயே குனிந்து ஷூவைக் கழற்றினார். நான் மலைத்துப்போனேன். அந்தக் குதிகால் வளைவில் இரட்டைத் தையல்! அம்மாவின் தையல் கப்பலேறி லண்டனைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைக்கார அம்மையாரின் காலோடு திரும்பி வந்திருந்தது.

வயதைக் கேட்டார். ஐந்து விரலைக் காட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். பெருமை தாங்கவில்லை. ஒரு ஷூவைத் தூக்கி, உள்ளே அச்சிட்டிருந்ததை உரக்கப் படித்தேன்: “டிசைன்டு இன் இங்கிலாண்ட்.” அது பெரிய எழுத்து. கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை: “மேட் இன் இந்தியா.” “எங்கம்மா தச்சது” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கூட வந்த மேனேஜர் மொழிபெயர்க்க மறந்து நின்றார். அம்மையார் என் ஐந்து விரலைப் பார்த்தார். நன்றாக முளைத்துவிட்ட என் முன்பற்களைப் பார்த்தார். உறை பிரிக்காத குதிரையைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு, “வெரி குட்” என்று என் கையைக் குலுக்கினார்.

அம்மாவின் லைன் பிழைத்தது. மறுவாரமே அட்டைப்பெட்டிகள் வீடு திரும்பின.

இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவர்கள் எப்படி நம்மை அத்தனை காலம் ஆண்டார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்த ஷூ அவர்கள் ஊர்க் கடையில் மனசாட்சியோடு உட்கார, அந்த டிக் அம்மையாருக்கும் வேண்டியிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அந்த அறையில் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.