அண்ணன் கட்டிய ஜிக்குகள்

அந்த பிளாஸ்டிக் டப்பாவை அண்ணன் அறை அறையாகத் தடுத்து, தன் கையால் கட்டிய ஜிக்குகளை அதில் வைத்திருந்தான். மிளகளவு ஈயக் குண்டு, அதில் பதித்த சின்னக் கொக்கி, கொக்கியை மூடும் ரப்பர் வால். அவ்வளவுதான் ஒரு ஜிக். அதை வீசுவதற்கென்றே விரல் தடிமன்கூட இல்லாத தூண்டில் கம்பும், தையல் நூலைவிட மெல்லிய நரம்பும் வாங்கியிருந்தான். வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. ஞாயிறு காலைகளில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் அவன் வீசிக்கொண்டிருப்பான், மதினி குடை பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

போன வருடம் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவன் பிறகு எழவில்லை. பக்கத்து வீட்டு வங்காளப் பெண்கள் “பௌதி, பௌதி” என்று அவர்கள் மொழியில் அண்ணி முறை சொல்லி மதினியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். “ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே இவளுக்கு” என்று அம்மா அடுக்களையில் என்னிடம் முணுமுணுத்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு மதினி கம்பை எடுத்துக்கொண்டு, “குளத்துக்கு வாரியா?” என்று என்னைக் கேட்டாள். அம்மா வாசலை மறித்தாள். “புருசன் போயி வருசம் திரும்பல. ஊரு என்ன சொல்லும்?” மதினி செருப்பை மாட்டினாள்.

அதுவரை அவள் அந்தக் கம்பைத் தொட்டதில்லை. முதல் வீச்சில் நரம்பு மரக்கிளையில் மாட்டி அறுந்தது. தோளால் வீசக்கூடாது, மணிக்கட்டைச் சுண்டினால் போதும் என்பது அவளுக்கு மெல்லப் பிடிபட்டது. ஜிக் தரை தட்டியதும் நரம்பு தொய்யும். கம்பு நுனியை லேசாகத் தூக்கி மறுபடி இறக்க வேண்டும். மீன் தொட்டால், விரலில் ஒரு சின்னத் துடிப்பு. சாயங்காலம்வரை அவள் அதையே செய்தாள். “சோறு ருசிக்கல, வெயிலு சுடல. இது மட்டுந்தான் கையில தெரியுது” என்றாள். குரலில் துக்கம்கூட இல்லை.

சிக்கிய மீன்களையெல்லாம் திரும்ப விட்டுவிட்டாள். ஆனால் வாராவாரம் பாசியிலும் வேரிலும் மாட்டி ஜிக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. புதிதாக வாங்கலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கடைசி ஜிக்கை ஒரு பெரிய விரால் கவ்வியது. கம்பு வில்லாக வளைந்தது. அவள் பதறாமல் நரம்பை விட்டு விட்டு இழுத்தாள். கரைக்கு ஒரு கை தூரத்தில் நரம்பு அறுந்தது. தண்ணீரையே பார்த்தபடி நின்றாள். பிறகு மிச்ச நரம்பைச் சுற்றிக்கொண்டு, “போவோம்” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் கட்டிலிலேயே கிடந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். அம்மாதான் அறை வாசலில் போய் நின்றாள்.

“குளத்துக்குப் போவலியா?”

“போட ஒண்ணும் இல்ல, அத்தை.”

மறுவாரம் அம்மா பக்கத்து வீட்டு வங்காளிக்காரரிடம் சொல்லி, தூண்டில் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வரவழைத்தாள். “அவன் கட்டுன மாதிரி இருக்காது” என்று மதினியின் தலையணை அருகே வைத்தாள். ஒரு பச்சை நிற ஜிக்கை மதினி வெகுநேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அண்ணன் வேலை பார்த்த அலுவலகத்திலேயே மதினிக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிறுகளில் குளத்துக்குப் போகிறோம். போன வாரம் வீசிக்கொண்டே இருந்தவள், திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீயுந்தான் அழல. ஒன்னய யாரும் கேக்கல, இல்ல?”

கம்பை என் கையில் கொடுத்தாள். வீசினேன். ஜிக் மூழ்கியது. எங்கேயோ நின்றது.

“தரை தட்டுனது தெரியுதா?”

“தெரியல மதினி.”

“சரி. சுத்திட்டு இன்னொரு வாட்டி போடு” என்று குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.